நெமேயாவுக்குப் போன ஒயின் குடிக்காத கோஷ்டி

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில், பயணிகளின் பெட்டி தொலைவதற்கு முன்னால் நம் தூக்கம் தொலைந்துவிடும். நாலு பேரை வெளியூர் கூட்டிப்போய் வந்த சக பாவிகளுக்கு இது புரியும். பிளானோ நகரத்தில் ஐ.டி. வேலை போன பிறகு நான் தொடங்கிய டூர் பிசினஸின் முதல் பயணம் கிரீஸ். அதில் விசேஷமே, நெமேயாவில் ஒரு குடும்பம் நடத்தும் ஒயினரிதான். அது சொதப்பினால் மறுபடி ரெஸ்யூமேவைத் தூசி தட்ட வேண்டியதுதான்.

பஸ்ஸில் விழுந்த குண்டு

ஏதென்ஸைத் தாண்டியதும், "யாரெல்லாம் ஒயின் டேஸ்ட் பண்றீங்க?" என்று கேட்டேன். ஒரே ஒரு கை உயர்ந்தது. அதுவும் ராமநாதன் அங்கிள் ஏசியைக் குறைக்கச் சொல்லி உயர்த்தியது. டப்ளினிலிருந்து வந்திருந்த ஜரீனா ஆன்ட்டியும் அவர் கணவரும் மார்க்கப்படி தொடமாட்டார்கள். மற்றவர்களில் பாதிப் பேருக்குப் பழக்கமில்லை, மீதிப் பேருக்குப் பக்கத்திலேயே மனைவி. "அப்புறம் எதுக்கு அங்கிள் ஒயினரி டூர்ல சேர்ந்தீங்க?" என்றேன்.

"பேக்கேஜ்ல இன்க்ளூடட்னு போட்டிருந்தியேம்மா!"

விரதக்காரர்கள்

வாசலில் ஸ்டாவ்ரோஸும் அவர் மனைவி எலெனியும் கோப்பைகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்கிற குடும்பம். அவர்களிடம், எங்கள் ஆட்கள் குடிக்கமாட்டார்கள், பலர் கறி முட்டைகூடத் தொடமாட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எலெனி முகம் சுளிக்கவில்லை. பண்டிகைக்கு முன்னால் அவர்களும் கறியை விட்டு விரதம் இருப்பார்களாம். கொண்டைக்கடலை, திராட்சை இலையில் சுருட்டிய சோறு எல்லாம் கைவந்த சமையல். அடுப்பைப் பற்றவைக்கப் போகும்போது கேட்டார்:

"வருஷம் முழுக்கவா விரதம்? உங்கள் ஊரில் எல்லோருமே சாமியார்களா?"

அண்ணாந்து ஒரு வாய்

ராமநாதன் அங்கிளுக்கு அவர் மனைவி ஒரே ஒரு வாய்க்கு அனுமதி கொடுத்தார். ஸ்டாவ்ரோஸ் பீப்பாயிலிருந்து பிடித்து, முதலில் தான் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, அதே கோப்பையை மரியாதையாக நீட்டினார். எச்சிலாயிற்றே! அங்கிள் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினார். பாதி வாயில், பாதி வெள்ளைச் சட்டையில். என் பிசினஸ் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஸ்டாவ்ரோஸ் கோப்பையை வாங்கி, மறுபடி ஒயினைப் பிடித்து, தானும் அதேபோல ஊற்றித் தாடியை நனைத்துக்கொண்டார்.

"இது முன்பே தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் கோப்பை கழுவியிருக்க மாட்டேனே!"

காலையில் பறித்தது

ஜரீனா ஆன்ட்டியும் கணவரும் வெளியிலேயே நின்றதை எலெனி கவனித்திருக்கிறார். அது அறுவடைச் சமயம். அன்று காலை பறித்த திராட்சையை, ஒயின் படாத வீட்டுச் சமையல் பாத்திரத்தைக் கழுவி, அவர்கள் கண்ணெதிரே பிழிந்து கொடுத்தார். ஆன்ட்டி குடித்துவிட்டு எலெனியின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் அடுக்கிய மற்ற கோப்பைகள் எல்லாம் துடைத்து வைத்தபடியே இருந்தன. கிளம்பும்போது ஸ்டாவ்ரோஸிடம் மன்னிப்புக் கேட்டு, இனி எங்களைச் சேர்ப்பீர்களா என்றேன்.

"அடுத்த வருஷமும் இந்த மாதிரி ஆட்களையே கூட்டி வா. மற்றவர்கள் ஒயினைப் பார்க்க வருகிறார்கள், இவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்."

குடிக்காதவர்களை ஒயினரிக்குக் கூட்டிப்போய்த்தான் இன்றுவரை என் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதால், பேக்கேஜில் அந்த 'இன்க்ளூடட்'டை மட்டும் நான் எடுப்பதாயில்லை.