புளியரை ஏற்றத்துக்காகக் குறைத்த இரண்டு பல்

போன மாதம் புளியரை வளைவில் என் மனைவியை நடுவழியில் இறக்கி நடக்க விட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. என் பழைய புல்லட் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு மலை ஏற முடியாது என்று நின்றுவிட்டது. முதல் கியரில் முனகியது, கிளட்ச் கருகிய வாசம் வந்தது, பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "நீங்க மெதுவா வாங்க, நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். வண்டியை ஆறவைத்து நான் மேலே டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் டீ குடித்து முடித்து, கடைக்காரர் வீட்டு விவகாரம் முழுவதையும் கேட்டு முடித்திருந்தாள்.

சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டை வழியாகப் புனலூருக்குப் பழைய வண்டியில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். எனக்குப் புனலூரில் என்ன வேலை என்றால், மகள் கோமதி அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவளை வண்டியின் பின்னால் உட்காரவைத்து ஊருக்குக் கூட்டி வரவேண்டும் என்று எனக்கு ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் பின்னால் உட்கார்ந்து என் காதுக்குள் பாடம் ஒப்பித்துக்கொண்டே வருவாள். பத்தாம் வகுப்போடு நின்ற நான் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் படித்தது அப்படித்தான். இப்போது அந்த சீட்டில் உரமூட்டை வருகிறது. போனில் கேட்டேன். "பாக்கலாம்ப்பா" என்றாள். நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக் செல்லத்துரை வண்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணாச்சி, முன்னால பதினெட்டுப் பல்லுல்லா கிடக்கு. இத எவன் மாட்டுனான்?"

"நீதான்வே மாட்டுன."

"நீங்கதான பெருசா மாட்டு, புல்லிங் கூடும்னு தலைகீழா நின்னீங்க? நான் சொன்னா கேட்டீங்களா?"

உண்மைதான். சக்கரம் பெரிதானால் பலமும் பெரிதாகும் என்று நினைத்த ஆள் நான். எஞ்சின் பக்கமிருந்து செயினை இழுக்கும் சின்னப் பல்சக்கரத்தைத்தான் முன் ஸ்ப்ராக்கெட் என்கிறோம். அதில் பல் கூடினால் சமதளத்தில் வண்டி பறக்கும், ஏற்றத்தில் படுத்துவிடும். பல் குறைந்தால் நன்றாக இழுக்கும், வேகம் போய்விடும். நான் தினமும் ஓட்டுகிற குருவிகுளம் பக்கம் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு. அங்கேயே ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இந்தத் தவறு எத்தனை வருஷமானாலும் தெரிய வராது.

பதினாறு பல் ஸ்ப்ராக்கெட் மதுரையிலிருந்து வர இரண்டு நாள். மாட்ட அரை நாள், ஏனென்றால் என் வண்டியில் கிளட்சைக் கழற்றினால்தான் அது கைக்கு வரும். சின்னது மாட்டியதும் செயின் தொங்கும், பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி இறுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். மூன்று நாளும் நான் வண்டிப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடுகூட அங்கேதான் வந்தது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். பின் சீட்டில் இன்னொரு ஹெல்மெட்டைக் கட்டியிருந்தேன். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ரோடெல்லாம் மணம். கடையநல்லூரில் இட்லி. அதுவரை சமதளம், அறுபதைத் தாண்டினால் எஞ்சின் அழுதது. ஸ்கூல் வேன் ஒன்று என்னை முந்த, உள்ளே இருந்த பிள்ளைகள் டாட்டா காட்டின. செங்கோட்டை தாண்டியதும் சாரல். புளியரையில் இரண்டாவது கியரில் போட்டேன். மனைவி இறங்கிய அதே வளைவில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. யாரும் பக்கத்தில் இல்லாததால் "ஏறுலே மக்கா" என்று சத்தமாகவே சொன்னேன். ஆரியங்காவு, தென்மலை, பத்து மணிக்குப் புனலூர்.

ஹாஸ்டல் வாசலில் கோமதி முதலில் பார்த்தது ஹெல்மெட்டைத்தான்.

"இது யாருக்குப்பா?"

"உனக்குத்தான் மக்கா. தபசுக்கு."

"அய்யோ, நான் வரலன்னு அம்மாட்ட போன வாரமே சொல்லிட்டனே. கூட இருக்க பிள்ளைக்குக் கல்யாணம். என் லீவ அவளுக்கு விட்டுக்குடுத்துட்டேன். அம்மா சொல்லலயா?"

வீட்டுக்குப் போன் போட்டேன். "நீங்க மூணு நாளா அந்த வண்டிய விட்டு எந்திரிக்கல. எந்த வாயால சொல்லச் சொல்லுதீங்க?" என்றாள் மனைவி. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கோமதிக்கு டூட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "ஒரு ரவுண்டு போவோமாப்பா?" என்று அவளே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். ஊருக்கு வெளியே ரப்பர் தோட்டத்துக்குள் செங்குத்தாக ஒரு ரோடு. இரண்டு பேரோடு வண்டி சிரமமே இல்லாமல் ஏறியது. "முன்னெல்லாம் இப்படி இழுக்காதேப்பா!" என்று காதுக்குள் கத்தினாள். "எல்லாம் மெக்கானிக் வேலை" என்றேன். உச்சியில் திருப்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் போனேன். அவள் மணி பார்த்தாள். திருப்பினேன்.

திரும்பும்போது ஹெல்மெட்டைக் கட்டிய கயிறு இரண்டு தரம் அவிழ்ந்தது. ஆள் இருந்தால் கயிறு எதற்கு.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இரண்டு பேர், சாமான், மலை என்றால் முன் பல்லைக் குறையுங்கள். ஒற்றை ஆளாகச் சமதளத்தில் மட்டும் ஓட்டுபவர்கள் கையை வைக்க வேண்டாம், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். எனக்குப் போக வர எழுநூறு ரூபாய் ஆனது. மாட்டியபின் இருநூறு கிலோமீட்டரில் செயினை மறுபடி பாருங்கள். ஆடியில் மழைக்கோட்டு அவசியம். யாரையாவது கூட்டி வரப் போகிறீர்கள் என்றால், அவர்கள் வருகிறார்களா என்று வீட்டில் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை செயினை இறுக்கப் போனபோது செல்லத்துரை கேட்டான், "அண்ணாச்சி, நம்ம ரோட்டுக்கு இது அழுதுகிட்டே கிடக்கும். பழசையே மாட்டிருவமா?"

"கிடக்கட்டும்வே" என்றேன்.

"எதுக்கு? ஒத்த ஆளுதான ஓட்டுதீங்க."

தீபாவளிக்குக் கோமதி வந்தாலும் வருவாள் என்று அவனிடம் நான் சொல்லவில்லை.