டகோட்டாவில் விரித்த வைக்கோல்

குன்வோர் நார்வேயின் மலைக் கிராமத்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் டகோட்டாவுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பெட்டியில் கம்பளியும் பைபிளும் வெண்ணெய் அச்சும் வந்தன. செத்தவர்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியுமா என்ன? ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு குடும்பமே தரையில் வைக்கோல் விரித்துப் படுக்கும். கட்டில் அன்றைக்கு இறந்தவர்களுக்கு. மேசைச் சாப்பாடும் அவர்களுக்காக அப்படியே இருக்கும். இங்கே வந்தபின் அந்த வழக்கத்தை யாரும் சீண்டவில்லை. இந்த மண்ணில் குடியேறி வந்தவர்களுக்கென்று செத்தவர் யாரும் இல்லை.

சில வருஷம் கழித்து ஓர் ஆகஸ்டில் ராக்னி போனாள். மூன்று வயது மகள், தொண்டை அடைப்பான். அதன்பின் குன்வோர் பால் கறந்தாள், ரொட்டி சுட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அழுகை மட்டும் வரவில்லை. பக்கத்துப் பண்ணை போர்கில்ட் அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

"கல்லு மாதிரி நிக்கிறா. பெத்தவதானா இவ?"

அந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, குன்வோர் தொழுவத்திலிருந்து ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து அடுப்பருகே உதறினாள். கணவன் ஆஸ்லக் முகம் சுளித்தான்.

"என்ன கூத்து இது? பாதிரியார் காதுல விழுந்தா மானம் போயிடும்."

"போகட்டும். இன்னிக்குக் கட்டில் அவளுக்கு."

"இது அமெரிக்காடி. ஊர்ல பாட்டன் பூட்டனுக்கு வழி தெரியும், வந்தாங்க."

"இவ என்ன கடலா தாண்டணும்? வேலிக்கு அந்தாண்டதான படுத்திருக்கா."

ஆஸ்லக் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். "எனக்கு முதுகு வலி. நான் கட்டில்லதான் படுப்பேன்" என்று முணுமுணுத்தான்.

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. வைக்கோலில் தனியாகச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் கட்டிலில் ஏறிவிட்டால் பிள்ளைக்கு இடமிருக்காது. கவலை அது ஒன்றுதான். அதுகூட வேறு யாருடைய கவலையோ போல இருந்தது.

விடிந்தபோது ஆஸ்லக் அவள் பக்கத்தில் வைக்கோலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தாடியெல்லாம் தூசி. மேசையில் பிள்ளைக்கு வைத்த கஞ்சி ஏடு படிந்து கிடந்தது, கட்டில் விரிப்பு கலையவில்லை. யாரும் வந்ததாகத் தெரியவில்லை. குன்வோருக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரிப்பை மடித்துவைக்கலாம் என்று எழுந்து போனாள்.

கட்டிலை ஒட்டிப் பால் கறக்கும் முக்காலி போட்டிருந்தது. ஆஸ்லக் அதைச் சாணம் போகக் கழுவித் துடைத்து, பிள்ளை கால் வைத்துக் கட்டிலில் ஏறத் தோதாகப் போட்டிருந்தான். குன்வோர் அதைக் கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.