நாடா எண்ணிய மூச்சு

போன ஞாயிறு ஆடிவிட்டு வந்து பனியனை உதறினேன். புழுதி மூக்கில் ஏறி ஒரு தும்மல். உடனே வலது கை தானாகப் போய் இடது மார்பைப் பொத்திக்கொண்டது. வலி போய் வருஷங்களாகின்றன. கைக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்களுக்கு விலாக் குருத்தெலும்பில் அடிபட்டதுண்டா? பட்டால்தான் தும்மல் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். ஆரணியில் எங்கள் தெருக் கபடிக் குழுவுக்கு நான்தான் ரைடர். தேசூர்க்காரர்கள் என்னைப் பிடித்து அமுக்கியதில் ஒரு தடியனின் முழங்கால் என் நெஞ்சில் இறங்கியது. உள்ளே 'மளுக்'கென்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள். குருத்தெலும்பு அதில் தெரியாது என்றார் டாக்டர். அதை வீட்டில் விளக்க வேண்டியவன், வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான். நைனா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படத்துலயே ஒண்ணும் இல்ல. உனக்கு மட்டும் எங்கடா வலிக்குது?"

என் படிப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் காலி.

மாவுக்கட்டும் கிடையாதாம். கட்டில்லாதவனை யார் நம்புவார்கள்? அம்மா பொறுக்காமல் பழைய வேட்டியைக் கிழித்து, எங்கள் தறி உருளையில் பாவு நூல் சுற்றுவதுபோல என் மார்பை இறுக்கிச் சுற்றிவிட்டாள். தெருவே வந்து விசாரித்தது; எனக்கும் கொஞ்சம் பெருமைதான். டாக்டர் பார்த்துவிட்டுக் கத்தினார்: "மொதல்ல இத அவுத்துடு! நல்லா மூச்ச இழுத்து விடலன்னா நெஞ்சுல சளி கட்டிக்கும்."

கேப்டன் சீனு பார்க்க வந்தான். "மச்சி, உன் எடத்துல சந்தவாசல் பையன போட்டுட்டோம். நீ ரெஸ்ட் எடு" என்றவன், வேண்டுமென்றே ஒரு ஜோக்கும் சொன்னான். சிரித்தால் உயிர் போகும். சிரித்துத் தொலைத்தேன். துடித்ததைப் பார்த்து, "டேய், நெசமாவே வலிக்குதுடா இவனுக்கு!" என்றான். எக்ஸ்ரே காட்டாததை அந்த மொக்கை ஜோக் காட்டிவிட்டது.

நைனா தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஆட்டமும் வேணாம், பேஜாரும் வேணாம். தறியாண்ட குந்திகினு நூல் சுத்து."

உட்கார்ந்தேன். ஆட்டத்தை விடுவதாக மட்டும் இல்லை. மூச்சை இழுத்து விடச் சொன்ன டாக்டர், எதைச் சொல்லி விட வேண்டும் என்று சொல்லவில்லையே! வாய்க்குள்ளேயே ஒரே மூச்சில் 'கபடி கபடி' பாடினேன். முதல் நாள் மூன்றாவது கபடியிலேயே நெஞ்சில் கத்தி இறங்கியது.

"இன்னாடா முணுமுணுன்னு? மந்திரமா?"

"ஆமா நைனா."

அம்மா சந்தோஷமாகத் திருநீறு பூசிவிட்டாள்.

நைனா கயிற்றை இழுக்க இழுக்க, ஊடை நூலோடு நாடாக் கட்டை பாவுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அந்தச் சத்தத்துக்குள் என் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒருநாள் களைப்பில் பாதியில் விட்டுவிட்டேன். தறி நின்றது. நைனா திரும்பாமலே கேட்டார்:

"நேத்து இருவது நாடா ஓடுற வரிக்கும் பாடிகினு இருந்த. இன்னிக்கு இன்னா, பத்துலயே வுட்டுட்ட?"

சேலைக்கு நடுவே என் மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்!

அடுத்து தேசூர்க்காரர்கள் வந்தபோது சீனுவிடம் போய் நின்றேன். "ஒரே ஒரு ரைடு குடு. செத்தா நான் பாத்துக்கறேன்." உள்ளே போய் நேராக அந்தத் தடியனையே தொட்டேன். நாலு பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கடியில், மூச்சு அறுபடாமல், விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டேன். மேட்ச்சில் தோற்றோம், அது வேறு விஷயம்.

அந்த மைதானம் இப்போது இல்லை; மனைகளாகி வீடுகளாகிவிட்டது. நைனாவும் முழங்கால் வலியால் தறியை விட்டு இறங்கிவிட்டார். பாக்கி ஒரே ஒரு காலி மனை. அதில்தான் குச்சியால் கோடு கிழித்து ஞாயிறுதோறும் ஆடுகிறோம். போன ஞாயிறு மனைக்காரர் டேப்போடு வந்து, "போதும், நிறுத்துங்கப்பா, அளக்கணும்" என்றார். நான் ரைடில் இருந்தேன், நிறுத்தவில்லை. சீனுதான் சொன்னான்:

"கொஞ்சம் இருங்க சார், அவனுக்கு இன்னும் மூச்சு கீது."

அவர் டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார்.