மாத்திரை மறைத்த நிலா

பேச்சியம்மாள் இறந்த செய்தியைச் சொல்ல, ஜீப் ஓட்டுநர் காளிமுத்து போடியிலிருந்து போன் செய்தார். "கம்பவுண்டரண்ணே, நம்ம நர்சம்மா போயிட்டாக. நேத்தே டிவியில சொன்னான், சூப்பர்மூனு வருதுன்னு. அதான் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எண்பத்தொரு வயதில், இரண்டு வருடமாகத் தொந்தரவு கொடுத்துவந்த இருதயம் நின்றுவிட்டது. அந்தப் பழியை நிலாவின்மேல் போட நான் யாரையும் விடமாட்டேன். அதே தப்பை ஒருமுறை நானே செய்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கான சிறிய மருந்தகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் நர்ஸ், நான் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். பேச்சியம்மாள் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதைப் படிக்கும் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த வாயையும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் எழுதி ஒட்டிய மருந்துச் சீட்டைத் தூக்கிப் பிடித்து, "இதக் குடிக்கணுமா, தேய்க்கணுமா? எழுதுன ஆளுக்காச்சும் தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

ஒரு பௌர்ணமியன்று காலை, டீக்கடையில் நான் பேப்பரை உரக்கப் படித்தேன். அன்றைக்கு முழுநிலா பூமியை மிகவும் நெருங்கி வருகிறது, மலைகள் சரியும் என்று யாரோ ஒரு சோதிடர் சொன்னதாகப் போட்டிருந்தது. படித்ததோடு விட்டேனா? "கிட்ட வந்தா இழுக்கத்தான செய்யும்" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். மருந்து கொடுக்கிறவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? மதியத்துக்குள் தோட்டங்கள் காலியாகிவிட்டன. ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்புகள் திரும்பி வரவில்லை. காளிமுத்துவின் வண்டி மட்டும் கிளம்பத் தயாராக நின்றது.

சாயங்காலம், அவர் கிளம்பும் நேரம் பார்த்துச் செல்லத்தாய் என்ற தொழிலாளிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்காகக் கிடந்தது. போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும். வலியெடுத்தவளை ஏற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினால் வழியிலேயே நிலா வந்துவிடும் என்று காளிமுத்து மறுத்தார். "மலை சரியுமாம் நர்சம்மா. நானாச் சொல்லல, கம்பவுண்டரே சொன்னாரு."

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். "அளந்து பாத்தீகளா?"

"எதை?"

"நெலாவத்தான். எம்புட்டுப் பெருசாகுதுன்னு அளந்து பாத்துட்டுத்தான் ஊருக்குச் சொன்னீகளா?"

நான் மருந்தகத்துக்குள் நழுவப் பார்த்தேன். "அப்ப முன்சீட்டுல ஏறி உக்காருங்க. சரிஞ்சா மொதல்ல உங்க மேல சரியட்டும்" என்றவர், காளிமுத்துவிடம் கையை நீட்டினார். "சாவியக் கொண்டா. நீ ஓட்டலைன்னா நான் ஓட்டுறேன்." அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மலை சரிவதைவிட அதற்குப் பயந்துதான் காளிமுத்து வண்டியை எடுத்தார்.

பாதி வளைவுகள் இறங்கியதும், கீழே போடிக்கு அந்தப் பக்கம் நிலா எழுந்தது. செக்கச்சிவப்பாக, சுளகு அகலத்துக்கு இருந்தது. காளிமுத்து வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் செல்லத்தாயின் கையைப் பிடித்திருந்த பேச்சியம்மாள், மறுகையால் ஒரு சத்து மாத்திரையை என்னிடம் நீட்டினார். "கைய நல்லா நீட்டி, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, நெலாவுக்கு நேராப் பிடிங்க." பிடித்தேன். அவ்வளவு பெரிய நிலா அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோனது. காளிமுத்துவும் பிடித்துப் பார்த்தார். "பயமா இருந்தா அளந்து பாக்கணும். அளந்த பெறகும் பயமா இருந்தா, அப்பப் பாத்துக்குவோம். எடு, வெரசா!"

தாயும் பெண்பிள்ளையும் பிழைத்தார்கள். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பேச்சியம்மாள் மறுபடியும் அளக்கச் சொன்னார். மேலே ஏறிச் சின்னதாகத் தெரிந்த நிலாவையும் அதே மாத்திரை அப்படியே மறைத்தது. அடிவானத்தில் பெரிதாகத் தெரிந்தது நம் கண்ணின் வேலை என்றார். நிலா சுற்றும் பாதை சரியான வட்டமில்லை; அது பூமிக்குக் கிட்டே வரும் சமயத்தில் பௌர்ணமியும் சேர்ந்துகொண்டால் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான். "வளைவுல பஸ்சு கிட்ட வந்தாப் பெருசாத் தெரியுது. அதுக்காக பஸ்சு பெருத்தா போச்சு?"

அன்றைக்கு சூப்பர்மூன் என்ற சொல் எங்கள் மலைக்கு வந்திருக்கவில்லை. பிற்பாடு டிவிக்காரர்கள் அதைச் சொல்லிப் பயமுறுத்தியபோது பேச்சியம்மாள் சிரித்தார். "பேரு நல்லாத்தான் இருக்கு. வாசலுக்கு வந்து பாருங்கன்னு கூப்பிட அந்தப் பேரு போதும். பயங்காட்டவா வச்சான்?"

அவரை எரித்துவிட்டுத் திரும்பும்போது அதே மாதிரி நிலா எழுந்தது. என் ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்றைக் காளிமுத்துவிடம் கொடுத்தேன். கிழவர் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் நின்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பேச்சியம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய ஒரு கேள்வியைத்தான். அது என்னிடம் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எங்களோடு திரும்பிய கூட்டத்தில் யாரோ, "பௌர்ணமியில்ல, அதான் நெலா கொண்டு போயிருச்சு" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் காளிமுத்து வெடுக்கென்று திரும்பினார்.

"அளந்து பாத்தீகளா?"