வெங்காய வில்லும் திருகு வில்லும்

வெங்காய மூட்டைக்குப் பூட்டிய சுருள்வில்லின் மேல் மனிதரை ஏற்றக்கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் அச்சுவேலி நாகலிங்கம். சொன்னது உண்மை, சொன்ன நேரம்தான் பிழை. தமது காரை எனக்கு விற்று, பணத்தை மடியில் செருகிக்கொண்ட பிறகே அவருக்கு அது நினைவுக்கு வந்தது.

ஆசிரியத் தொழிலில் பாடம் நடத்துவது பாதி வேலை. முதுகும் நாரியும் நோகாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வது மற்றப் பாதி. எண்பத்தைந்தாம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து வலிகாம வீதிகளில் பழைய கார் வைத்துப் பாடுபட்டவர்கள் இதை வாசிப்பீர்களாயின், நீங்கள் என் இனத்தவர். காரைப் பதிப்பதா, உயர்த்துவதா, வில்லை வெட்டுவதா, வேறு வில் வைப்பதா என்று ஆளுக்கொரு ஆலோசனை கேட்டுக் களைத்தவர்கள் நீங்கள். நானும் கேட்டேன். ஆனால் கேட்டதை அளந்தும் பார்த்தேன்.

மூட்டை இறங்கிய கார்

நான் வாங்கியது பழைய பிரெஞ்சுக் கார். நான்கு சில்லுகளுக்கும் சுருள்வில் உடையது. பிறந்த காலத்தில் மெத்தை போல ஓடியிருக்கும். நாகலிங்கம் அதன் பின் இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, பின் சில்லுகளுக்கு லொறிக்குரிய தடித்த விற்களைப் பூட்டி, விடியற்புறத்தில் யாழ்ப்பாணச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றியவர். மூட்டைகள் இருக்கும்வரை கார் மட்டமாக நிற்கும். இறங்கியதும் பின்புறம் எழுந்து, தவிடு தின்னும் ஆட்டைப் போலத் தலையைக் குனிந்துகொள்ளும். விற்கும்போது இருக்கையைத் திரும்பப் பூட்டித் தந்தார். பழைய விற்களை இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

முதல் நாள் இணுவிலிலிருந்து அச்சுவேலிப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து ஆசிரியர்கள் அதில் புறப்பட்டோம். பெற்றோல் செலவு பங்கு, ஓட்டுவது நான். நீர்வேலியில் ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கி ஏறியபோது பின்னால் இருந்த மூவரின் தலைகளும் ஒரே நேரத்தில் கூரையைத் தொட்டன. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கணித ஆசிரியர் மகாதேவா. சொந்தக் கார் வைத்திருந்தும், பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக என் காரில் வந்தவர். பள்ளிக்கூட வாசலில் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“ரீச்சர், பின்னேரம் திரும்பேக்கை ஆறு மூட்டை வெங்காயம் ஏத்துங்கோ. நாங்கள் அதுக்கு மேலை இருந்து வாறம்.”

மங்கை கேட்ட கடன்

இது சிரிப்போடு போயிருக்கும், பின்னால் இருந்த மூவரில் ஒருத்தி மங்கையாக இல்லாதிருந்தால். மங்கை கீழ்வகுப்பு ஆசிரியை. இரண்டு முறை கருவுற்று, இரண்டும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது. குலுக்கம் ஆகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் இருக்கலாம்தான், ஆனால் கணவரின் தென்னிலங்கைக் கடை எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு போய்விட்டது. அந்த வீடு இவளுடைய சம்பளத்தில்தான் நடந்தது.

ஒரு மாலை என் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். “அக்கா, வீட்டிலை இருந்தால் அடுப்பு எரியாது. பஸ்ஸிலை போனால் பிள்ளை தங்காது. உங்கடை காரிலை போனாலும்…” என்று நிறுத்திக்கொண்டாள். மீதியை நானே நிரப்பினேன். என் காரைக் குறைகூறும் உரிமையை மகாதேவா மாஸ்ரருக்குக் கொடுத்திருக்கலாம். இவளுக்கும் அந்தத் தேவை வரும்படி விட்டது எனக்கு அவமானமாக இருந்தது.

காரை நான் திருத்துவேன் என்றேன். செய்யவேண்டியவை மூன்று. அது மெத்தென்று ஓட வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி சேலையைத் தூக்கிப் பிடிக்காமல் ஏறுமளவுக்குத் தாழ வேண்டும். அதே வேளை, அவளுடைய வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில் தோட்டக்காரர் நீர்க்குழாய்க்கு மேல் போட்டிருக்கும் மண்திட்டியில் அடி முட்டாமல் போகுமளவுக்கு உயரவும் வேண்டும்.

“உந்தக் கடனை நான் எப்பிடி அக்கா தீர்க்கிறது?” என்றாள்.

“முழு நிறையிலை ஒரு பிள்ளையாய்த் திருப்பித் தா.”

மங்கை அன்றுதான், பல நாட்களுக்குப் பிறகு, சிரித்தாள்.

“வட்டி மட்டும் கேளாதேங்கோ அக்கா. இரட்டைப் பிள்ளையை இந்த வயிறு தாங்காது.”

வெட்டினால் பதியும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கார் திருத்தும் கராச் வைத்திருந்த திரவியம் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “ஒண்டரைச் சுத்து வெட்டிவிட்டால் கார் வடிவாய்ப் பதியும், ரீச்சர். நீங்கள் ஒரு பிளேன்ரீ குடிக்க வேலை முடிஞ்சிடும்” என்றார். அங்கே ஏற்கெனவே ஒரு கார் அப்படிப் பதிந்து, எலிக்குக் காத்திருக்கும் பூனை போலக் கிடந்தது. பார்த்தால் மகாதேவா மாஸ்ரருடையது. நான்கு வில்லும் வெட்டியாகிவிட்டது. பார்வைக்கு அழகுதான், அதை நான் மறுக்கவில்லை.

நான் கைப்பையிலிருந்து பள்ளிக்கூட ஆய்வுகூடத்துச் சுருள்வில்லையும் ஒரு தராசுப் படிக்கல்லையும் எடுத்தேன். வில்லின் நுனியைப் பிடித்துக் கல்லைத் தொங்கவிட்டேன். அது நீண்டு இறங்கியது. பிறகு வில்லின் நடுவைப் பிடித்து அதே கல்லைத் தொங்கவிட்டேன், பாதிதான் இறங்கியது. “நீளத்தைக் குறைச்சால் கடுமை கூடும். லொறி வில்லே கருங்கல். அதை வெட்டினால் கார் பதியும், பின்னாலை இருக்கிற பிள்ளைத்தாச்சி துள்ளுவாள்” என்றேன். திரவியம் கல்லை வாங்கித் தாமும் இருமுறை தொங்கவிட்டுப் பார்த்தார். அவர் நேர்மையான மனிதர், மறுக்கவில்லை.

“சரிதான் ரீச்சர். ஆனால் இஞ்சை வாறவை எல்லாரும் கார் பதியவேணும் எண்டுதான் கேக்கினம். நாரி நோகக்கூடாது எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை.”

நூல் கணக்கு

அச்சுவேலியில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அந்தோனிப்பிள்ளை. குருநகரில் வள்ள எஞ்சின்களுக்குத் திருகாணி கடைந்து பழகியவர். மெத்தென்ற வில் வேண்டுமானால் ஆட்கள் போகும் காரின் வில்தான் வேண்டும் என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. அதே இனத்து உடைந்த கார் ஒன்றிலிருந்து ஒரு சோடி கிடைத்தது. பழையது, தளர்ந்து குட்டையாகியிருந்தது. அப்படியே பூட்டினால் மண்திட்டியில் அடி முட்டும்.

ஆகவே, வில்லின் அடிக்குத் திருகு மரை வெட்டிய குழாயும், அதன்மேல் சுற்றி ஏற்றி இறக்கக்கூடிய வட்டத் தட்டும் செய்வதென்று தீர்மானித்தோம். தட்டைச் சுற்றினால் வில் உயரும், கார் உயரும். வில்லின் மென்மை மாறாது. தட்டு அசையாமலிருக்க அதன் கீழ் இன்னொரு பூட்டுத் தட்டு. செம்மண் புகாமலிருக்கக் கிறீஸ் பூசி, சைக்கிள் ரியூப்பால் சுற்றுவது அந்தோனிப்பிள்ளையின் யோசனை. படம் வரைந்து அளவு குறித்துக் கொடுத்தது நான்.

பூட்டிய அன்று அடிமட்டக் கோலை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தேன். வலது பக்கம் ஒரு நூல் உயரம். அங்குலத்தில் எட்டிலொன்றுதானே என்றார் அந்தோனிப்பிள்ளை. பிழை சிறியதாயிருப்பது அது சரியாவதற்குக் காரணமாகாது என்றேன். மறுபடியும் கழற்றினார், சுற்றினார், பூட்டினார். நான் மறுபடியும் அளந்தேன். மட்டம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே உதவியாளிடம் சொன்னது என் காதுக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான்:

“வள்ளக்காரர் அரை அங்குலம் கடலோடை போகட்டும் எண்டுவினம். இவ ஒரு நூலுக்கு என்னைக் கடலிலை இறக்கிப்போட்டா!”

செம்புச் சோதனை

மங்கையை ஏற்றுவதற்கு முன் அவள் இருக்கப்போகும் இடத்தில் வேறொன்றை ஏற்றிப் பார்த்தேன். விளிம்புவரை நீர் நிரப்பிய செம்பு ஒன்றைச் சும்மாட்டுத் துணியில் நிறுத்தி, சாயாமல் இரு பக்கமும் அகராதிகளை அணைத்து வைத்தேன். இணுவிலிலிருந்து உரும்பிராய்ச் சந்திக்குப் போய்த் திரும்ப வேண்டும். வெங்காய வில்லோடு முன்னரே ஒரு முறை ஓடிப் பார்த்திருந்தேன். அப்போது செம்பில் பாதிதான் மிஞ்சியது.

மகாதேவா மாஸ்ரர் தமது காரும் போட்டியிடும் என்றார். வெட்டிய வில்லோடு அவரே ஓட்டினார். பிறகு சாட்டுச் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்பதற்காக நான் பின்னால் செம்புக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். திரும்பி வந்தபோது செம்பின் அடி தெரிந்தது. என் அகராதிகள் வெயிலில் காயவேண்டியிருந்தது. அடுத்து என் கார். இப்போது அவர் செம்புக்குப் பக்கத்தில். அதே வீதி, அதே பள்ளங்கள். சிந்தியது ஓர் உள்ளங்கை நீர்.

அவர் செம்பை வெளியே எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அடியில் மெழுகு வைத்து ஒட்டியிருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் நீரை என் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சொன்னார்:

“தண்ணி பாஸ்தான். ஆனால் வெட்டின ஸ்பிறிங் வெட்டினபடி கிடக்கும், ரீச்சர். உந்தத் திருகு ஒரு நாளைக்குக் கழரும். அண்டைக்கு நான் வந்து பாக்கிறன்.”

இறைப்பு நாள்

திருகு கழரவில்லை. மங்கை ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கூடம் வந்தாள். சேலைக் கரையைத் தூக்காமல் ஏறினாள், இறங்கினாள். நாள் நெருங்கியபோது நான் ஒழுங்கைக்குப் போய் மண்திட்டியை மறுபடி அளந்தேன். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் நாட்களில் குழாய் பெயராமலிருக்க அதன்மேல் புதுமண் வெட்டிப் போடுவார்கள்; திட்டி உயர்ந்துவிடும். அந்த உயரத்துக்கு என்ன வேண்டுமோ அந்த அளவுக்கு அந்தோனிப்பிள்ளையைக் கொண்டு தட்டைச் சுற்றி ஏற்றுவித்தேன். ஏறும் படி சற்று உயர்ந்தது. வீட்டு வாசலில் ஒரு பலகையைப் போட்டுச் சமன் செய்தோம்.

மங்கைக்குப் பிள்ளைநோவு கண்டது திருவிழா நாளில், உச்சிப்பொழுதில். பெரிய வீதியில் படலைக்குப் படலை நிறைகுடம் வைத்துச் சுவாமி வரவைப் பார்த்து நிற்கிறார்கள். கார் அசைய வழியில்லை. மிஞ்சியது தோட்டங்களுக்கிடையே போகும் அந்த ஒழுங்கை. அன்று இறைப்பும்கூட. மங்கையையும் அவள் கணவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினால், திட்டியின் மேல் ஒரு கார், கல்லில் ஏறிய ஆமையைப் போல, அடி மண்ணில் கிடக்கப் பின் சில்லுகள் அந்தரத்தில் தொங்க நிற்கிறது. பக்கத்தில் புதுச் சால்வையோடு மகாதேவா மாஸ்ரர். கோப்பாயில் ஒரு கலியாணத்துக்குக் குறுக்கு வழியில் போனவர்.

மங்கை என் இருக்கையின் முதுகைப் பற்றினாள். நான் இறங்கி, தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கைதட்டி அழைத்தேன். மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். “மாஸ்ரர், நீங்களும் பிடியுங்கோ!” என்றேன். பிடித்தார். வெட்டிய வில்லுக்கு ஒரு நன்மை உண்டு: தாழ்ந்த காரைத் தூக்குவது இலகு. அதை ஒரு தென்னைக்கடியில் ஒதுக்கி வைத்தார்கள்.

பிறகு என் முறை. முதலாம் கியரில், சில்லுச் சில்லாக, திட்டியில் ஏறினேன். முன் சில்லுகள் ஏறி இறங்கின. இனி அடிவயிறு. மகாதேவா மாஸ்ரர் சேற்றில் முழங்கால் ஊன்றி, சால்வை மண்ணில் புரள, என் காரின் அடியை எட்டிப் பார்த்தார். அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது திருகு கழருமா என்றல்ல. பின் சில்லுகளும் இறங்கின. ஓர் உரசல்கூட இல்லை. பின்னாலிருந்து அவர் போட்ட சத்தம் சுவாமி வீதிவரைக்கும் கேட்டிருக்கும்:

“முட்டேல்லை ரீச்சர், ரண்டு விரல் கிடக்கு! நிப்பாட்டாமல் போங்கோ! வரேக்கை உந்த லேத்துக்காரனையும் என்ரை காருக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ!”

நிறுத்துப் பார்த்தது

ஆசுபத்திரி வாசலில் மங்கை தன் காலாலேயே இறங்கி நடந்தாள். பொழுது சாயுமுன் பெண் குழந்தை. தாதி தராசில் வைத்து நிறையைச் சொன்னபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒருமுறை சொன்னது போதாமல் மறுபடியும் சொல்லச் சொன்னேன். உள்ளே விட்டதும் மங்கை களைத்த முகத்தோடு கண்ணைத் திறந்து, பிள்ளையின் பக்கம் தலையை அசைத்தாள்.

“அக்கா, சரி பாருங்கோ. முதல் மட்டும்தான், வட்டி இல்லை.”

நான் இரவல் கொடுத்த புத்தகமும் குடையும் ஒன்றேனும் திரும்பி வந்ததில்லை. ஆனால் குலுங்காத காரில் நான் கொடுத்த அந்த ஒரு கடன் மட்டும், தவணையின்றி, ஒரே தடவையில், முழுதாகத் தீர்க்கப்பட்டது: ஏழு இறாத்தல், நான்கு அவுன்சு.