ஆன்டி வீட்டு நம்பர்

அந்தத் தொலைபேசி கறுப்பு நிறம். அதற்கு ஆன்டி பச்சைக் கம்பளி நூலில் தானே பின்னிய உறை ஒன்றைப் போட்டிருப்பார். மணி அடித்தால் முதலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகுதான் கையை நீட்டி ரிசீவரை எடுப்பார். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். எங்களைக் கூப்பிட வசதியாக அப்படி நிற்கிறார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். "யெஸ், ஷீ இஸ் அட் ஹோம். ப்ளீஸ் ஹோல்ட் ஆன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக எதிர் வரிசைக்குக் குரல் கொடுப்பார். "பாப்பா, உனக்குத்தான் ஃபோன்லா. லைன்ல இருக்காங்க, ஓடி வா."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் எதிரும் புதிருமாக இருந்த வீடுகளில், ஆன்டி வீட்டில் மட்டும்தான் தொலைபேசி. அங்கிளை எந்த நேரத்திலும் வேலைக்கு அழைப்பார்கள் என்பதற்காக வைத்தது. நாட்டில் வேலை இல்லாத காலம். ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு நாங்கள் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தோம். படித்து முடித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தோம். காலையில் நாளிதழ் வந்ததும் வேலை விளம்பரங்கள் இருக்கும் பக்கம் முதலில் காணாமல் போய்விடும். மிச்சத்தைத்தான் அப்பாக்கள் படித்தார்கள்.

நேர்காணலுக்கு அழைப்பு வராததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புகைப்படத்தில் சிரிக்கக்கூடாது என்றார் ஒருவர். சிரிக்காததால்தான் வரவில்லை என்றார் இன்னொருவர். கையால் எழுதினால்தான் மரியாதை என்று கேட்டு எழுதினோம். பிறகு டைப் அடித்தால்தான் படிப்பார்கள் என்று கேட்டு, டைப்பிங் வகுப்பில் எல்லோரும் ஒரே இயந்திரத்தில் வரிசையில் நின்று அடித்தோம். பள்ளித் தலைமையாசிரியரிடம் நற்சான்றிதழ், பாதிரியாரிடம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இதுதான் குறை, இதைச் சரிசெய்துவிட்டால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று தோன்றும். ஒரு கட்டத்தில் என் விண்ணப்பத்தை எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. அதில் இருந்தவள் என்னைவிட உற்சாகமானவளாக இருந்தாள்.

தொலைபேசி எண் போட்டால் உடனே கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொன்னபோது, தயங்கித் தயங்கி ஆன்டியிடம் போய் நின்றேன். "போட்டுக்கோ பாப்பா, நம்பர் என்ன தேய்ஞ்சா போகும்" என்றார். உண்மையிலேயே அழைப்பு வந்தது. ஒரு கடையில் கணக்கு எழுதும் கிராணி வேலைக்கு நேர்காணல். வேலை கிடைக்கவில்லை, ஆனால் கூப்பிட்டார்கள் என்ற செய்தியே எங்கள் வரிசைக்குப் போதுமானதாக இருந்தது. அந்த மாதமே எல்லாப் பிள்ளைகளின் விண்ணப்பத்திலும் ஆன்டி வீட்டு எண் ஏறிவிட்டது. ஆன்டி யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அலுவலகங்கள் திறப்பதற்குள் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பிவிடுவார். மதியம் படுப்பதை விட்டுவிட்டார். யாராவது வீட்டில் இல்லையென்றால், "ஹீ வில் கால் யூ பேக்" என்று ஓர் அலுவலகச் செயலாளரைப் போலச் சொல்லப் பழகிக்கொண்டார்.

ஆன்டிக்கு ஒரே மகன். நாங்கள் அண்ணன் என்போம். பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் முடித்தவர், எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவர், எங்களுக்கு முன்பிருந்தே வேலை தேடுகிறவர். பகலெல்லாம் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் நாளிதழை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் தாள் புரளும் சத்தம் நின்றுவிடும். ஆன்டி எங்களில் ஒருவரைக் கூப்பிட்ட பிறகு மறுபடி கேட்கும். நான் மூச்சு வாங்க ஓடிப்போய் ரிசீவரை வாங்கும்போதெல்லாம் அந்தத் தாள் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறது. அவருக்கு மட்டும் ஒரு அழைப்பும் வரவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் என்னை நேர்காணலுக்கு அழைத்தார்கள். கேள்விகள் முடிந்ததும் அங்கிருந்த சீன அம்மையார் ஓர் உறையிலிருந்து சில விண்ணப்பங்களை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே தொலைபேசி எண், ஒரே டைப் எழுத்து, கிட்டத்தட்ட ஒரே வாக்கியங்கள். ஏதோ ஏஜென்ட் ஆள் பிடிக்கிறான் என்று நினைத்து மொத்தமாக ஒதுக்கிவிட்டோம், சரி, யார்தான் வருகிறார்கள் என்று பார்க்க மேலே இருந்ததை எடுத்துக் கூப்பிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மேலே இருந்தது என்னுடையது. அடியில் அண்ணனின் புகைப்படம் தெரிந்தது. அவர் அதில் சிரிக்கவில்லை. அது அவருடைய சொந்த வீட்டு எண் என்று நான் விளக்கினேன். அம்மையார் தலையாட்டினார். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, அது நான்தான் என்றார்.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷப்பட முடியவில்லை. நேராக ஆன்டி வீட்டுக்குத்தான் போனேன். நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். நாளிதழுக்குப் பின்னால் அண்ணன் அசையவில்லை.

"இனிமே நாங்க யாரும் உங்க நம்பர் போட மாட்டோம் ஆன்டி. அண்ணன் மட்டும் போட்டா போதும்."

"அப்புறம் மத்த பிள்ளைங்க யாரு நம்பரப் போடும்? எதிர் வரிசையில எவன் வீட்ல ஃபோன் இருக்கு?" என்றார். அடுத்த நெத்திலியை எடுத்தார். "இதுவரைக்கும் போன லெட்டர் எல்லாத்துலயும் இந்த நம்பர்தானே இருக்கு. இப்ப நீங்க நிறுத்திட்டா மட்டும் சரியாயிடுமா? இவன்தான் மாத்தணும். கிள்ளான்ல இவன் மாமா கடையில ஃபோன் இருக்கு. அதப் போடட்டும்."

"சொந்த வீட்ல ஃபோன வெச்சிக்கிட்டு கிள்ளான் நம்பர் போடணுமா?" என்று தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆமாலா. போடு" என்றார் ஆன்டி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். ரொம்பவும் களைத்திருந்தது.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வரும்போது ஆன்டியைப் பார்த்துவிட்டு வருவேன். அப்போதுதான் அந்த மாற்றத்தைக் கவனித்தேன். மணி அடித்தால் ஆன்டி ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. கூடத்தைப் பார்த்தபடியே, கையில் இருக்கிற வேலையைக்கூட விடாமல் எடுக்கிறார். அண்ணனின் தாள் சத்தமும் நிற்பதில்லை. இந்த மணி அவருக்கானது இல்லை என்று இருவருக்கும் தெரியும். இத்தனை நாளும் ஆன்டி எதற்காகத் திரும்பி நின்றார் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மணி அடித்த நொடியில் மகன் முகத்தைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இருந்திருக்கவில்லை. தன் முகத்தை மகன் பார்த்துவிடக்கூடாது என்றும் இருந்திருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், நான் அங்கே இருக்கும்போதே மணி அடித்தது. வழக்கம்போலக் கூடத்தைப் பார்த்தபடி எடுத்தார். "யெஸ், ஹூம் டூ யூ வாண்ட்?" என்றார். பிறகு தமிழுக்கு மாறினார். "எப்போ?" என்றார். "எங்க வரச் சொன்னாங்க?" என்றார். பேசுவது கிள்ளானில் கடை வைத்திருக்கிற மாமாதான் என்று எனக்குப் புரிந்தது. கூடப்பிறந்தவர்தான் பேசுகிறார் என்று தெரிந்தும் பழக்கதோஷத்தில் ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எதிர் வரிசை வரைக்கும் கேட்கும் அந்தக் குரலைக் கொடுக்க வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. "தம்பி, உனக்குத்தான்" என்று உதடு மட்டும் அசைந்தது. அண்ணன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததும் இல்லை. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பிறகு கிடைத்தது. ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். ஆன்டியும் போய்விட்டார். எல்லோருக்கும் சொந்தமாக எண் வந்துவிட்டது, யாரும் யாருக்காகவும் ஜன்னலில் நின்று கூவ வேண்டியதில்லை. நல்லதுதான்.

என் மகன் பட்டம் வாங்கி வீட்டில் இருக்கிறான். அவனுடைய விண்ணப்பத்தைக் கணினியில் திருத்துகிறான், மறுபடி திருத்துகிறான். என்னிடம் காட்டினான், நன்றாக இருக்கிறது என்றேன். போன வாரம் அவன் குளிக்கப் போயிருந்தபோது மேசையில் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். "யெஸ், ஹீ இஸ் அட் ஹோம். ப்ளீஸ் ஹோல்ட் ஆன்" என்று என் வாய் தானாகச் சொன்னது. குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டாமல் அவன் எனக்குப் பின்னால் வந்து நிற்பது, தரையில் சொட்டும் தண்ணீரிலிருந்து தெரிந்தது.

கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டாள் ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லித் துண்டித்தேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.