ரவிக்கைப் பையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று

தைத்த ரவிக்கையை மடித்துப் பையில் போட்டதும் ஃபஸீலா அக்கா மேசைக்கு அடியில் குனிவார். நிமிரும்போது கையில் ஒரு தயிர் டப்பா இருக்கும். அதில் விரல் நீளத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று. அதையும் பையில் வைத்துத்தான் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்லித் தப்பித்தவர் யாரும் இல்லை. எனக்கு இதுவரை மூன்று ரவிக்கை, மூன்று கன்று.

கடை சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மாடியில். இரண்டு தையல் இயந்திரம், ஒரு மின்விசிறி, ஜன்னலோரம் நெருக்கியடிக்கும் டப்பாக்கள். அளவெடுத்துக்கொண்டே விசாரணை நடக்கும். "வீட்ல என்ன செடி வச்சிருக்கீங்க?" மணி பிளான்ட் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "அத ஒரு பூச்சி திரும்பிப் பாக்குமா? பிளாஸ்டிக்கே வாங்கிருக்கலாம்லா!"

கன்றைக் குழம்புக்கு என்று சொல்லித்தான் கொடுப்பார். அதில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், புழு வந்து இலையைத் தின்னும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். கேட்டால் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரிப்பார். "புழு வரும்னு சொன்னா யாரு வாங்குவா? மொதல்ல செடி வீட்டுக்குப் போகட்டும்." இந்தக் கள்ளத்தனத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கமலா அக்காவுக்குப் பிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை உட்லண்ட்ஸிலிருந்து எம்ஆர்டி ரயிலில் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இலை முக்கால்வாசி காலி. மிச்சத்தில் கொழுத்த பச்சைப் புழு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வருஷம் வளர்த்தேன் ஃபஸீலா! ரசத்துக்கு ஒரு கொத்து மிஞ்சல. நீயே வச்சுக்க. இனிமே என் கோரிடார்ல பிளாஸ்டிக்தான்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் கல்யாணம். பிளவுஸ் சனிக்கிழமையே வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பத்து வருட வாடிக்கையாளர். ஃபஸீலா அக்காவின் முகம் அன்று முழுவதும் சரியாக இல்லை.

புழுவுக்கு இதெல்லாம் தெரியுமா? தொட்டியை விட்டு ஊர்ந்து போய், இத்தனை துணி இருக்க, தைத்து மாட்டியிருந்த கமலா அக்காவின் பட்டு ரவிக்கையிலேயே, இடது கையின் உள்பக்கம், கூடு கட்டிக்கொண்டது.

சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். மின்விசிறி ஓடவில்லை, கடை வெந்துகொண்டிருந்தது. கமலா அக்கா ரவிக்கையைப் போட்டுப் பார்த்தார். கச்சிதம். பிறகுதான் ஜன்னல் கம்பியில் ரவிக்கையின் கை ஒன்று மட்டும் தனியாகத் தொங்குவதைக் கண்டார். அதே பட்டு, அதே நிறம்.

"என்ன இது?"

"உங்க பழைய கைதான்க்கா. உள்ள கூடு இருக்கு, பிய்ச்சா செத்துரும். அதான் கையப் பிரிச்சுட்டு, மிஞ்சுன துணியில வேற வச்சேன். அந்த ஜரிகைக்கு தேக்கா முழுக்க அலைஞ்சேன்லா."

கமலா அக்கா திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "எப்ப வெளிய வரும்?"

"இன்னும் ஒரு வாரம். காத்துல ஆடாம இருக்கணும்."

கமலா அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் மின்விசிறி சுவிட்சுக்கு எட்டினார். ஃபஸீலா அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். ரவிக்கை வெட்டும் அளவு அட்டையை எடுத்து அவருக்கு விசிறத் தொடங்கினார். விசிறிக்கொண்டே, இப்போது துளிர் விட்டிருந்த கமலா அக்காவின் பழைய தொட்டியை, மேசைக்கு அடியில் காலால் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.